1/35 பாராசூட் வீரன்: தோள் சின்ன டெக்கால் காய்ந்ததும் வெள்ளி பூக்கிறது

கால்மில்லி:
வணக்கம் நண்பர்களே. 1/35 அளவு (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) மாடல் உருவம், அமெரிக்க 101-வது ஏர்போர்ன் (வான்வழிப் படைப்பிரிவு), 1944 ஜூன், நார்மண்டி. எம்42 ஜாக்கெட்டுக்கு வல்லேஹோ அக்ரிலிக் அடித்தது, முழுக்க மேட் (பளபளப்பில்லாதது). இடது தோளுக்கான கழுகுத் தலை டெக்காலை (நனைத்துத் தாளிலிருந்து வழுக்கி ஒட்டும் அச்சுப் படலம்) தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு நேராக மேட் பெயின்ட் மேலேயே வைத்தேன். காய்ந்ததும் சின்னத்தைச் சுற்றி வெள்ளி மாதிரி மினுங்குது. சட்டை மடிப்பில் படியாமல் பாலம் போட்ட மாதிரி நிற்குது. மைக்ரோ சால் (டெக்காலை இளக்கிப் படியவைக்கும் திரவம்) தொட்டதும் சுருங்கிவிட்டது. தூரிகையால் நீவினேன், கிழிந்தது.

ஷீட்டில் இன்னும் இரண்டு இருக்கு. உருவம் முழுக்க கிளாஸ் (பளபளப்பு வார்னிஷ்) அடிக்கணுமா? ஹெல்மெட்டுக்கு 506-வது ரெஜிமென்ட், இரண்டாவது பட்டாலியன். ஹெல்மெட்டில் இருக்கும் இஸ்பேட்டுக் குறி பக்கத்தில் பட்டாலியனுக்காக வரும் சின்னக் கோடு எந்தப் பக்கம்?

ஊசிமுனை:
முதலில் கிழிந்த காரணம். சால் பட்டால் படலம் கூழாகும், சுருங்கும், பார்க்கவே பயமா இருக்கும். அந்த நேரத்தில் கை வைக்கவே கூடாது. அரை மணி நேரத்தில் தானா இழுத்துக்கொண்டு படிந்துவிடும். நீவினால் யார் செய்தாலும் கிழியும்.

வெள்ளி பூப்பதற்குக் காரணம் காற்று. மேட் பெயின்ட் பார்க்க வழவழப்பா இருந்தாலும் உள்ளே சொரசொரப்பு. அந்தப் பள்ளங்களுக்கும் டெக்காலுக்கும் நடுவே காற்று மாட்டிக்கொள்கிறது, வெளிச்சம் பட்டால் மினுங்குது. ஆனால் நிறமற்ற படலத்தில்தான் அது தெரியும். கறுப்பு அச்சு இருக்கும் இடத்தில் தெரியாது. உங்கள் சின்னம் முழுக் கறுப்புக் கேடயம். அதனால் கறுப்பு ஓரத்தை ஒட்டியே படலத்தை வெட்டி எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. புது 11-ஆம் நம்பர் பிளேடு, அடியில் கண்ணாடி. இழுத்து வெட்டாதீர்கள், பிளேடை அழுத்தி அழுத்தி வெட்டுங்கள். மொத்தச் சின்னமே 2 மி.மீ. உயரம்தான், இழுத்தால் ஓரம் பிசிறும். வெட்டிய ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் காய்ந்த பிறகு கறுப்பு தொட்டுவிடலாம்.

உருவம் முழுக்க கிளாஸ் வேண்டாம், மடிப்புகளில் தேங்கி நுணுக்கம் போய்விடும். சின்னம் உட்காரும் இடத்தில் மட்டும், சின்னத்தைவிட ஒரு மயிரிழை அகலமாக, மெல்லிசா இரண்டு கோட். டாமியா எக்ஸ்-22 போதும். அடியில் உள்ள பெயின்ட் 24 மணி நேரம் காய்ந்திருக்கணும், கிளாஸுக்கு இன்னொரு இரவு.

தண்ணீரில் ஒரு நிமிஷம் ரொம்ப அதிகம், பசையெல்லாம் கரைந்து போயிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் 10 விநாடி முக்கி, எடுத்து ஈர டிஷ்யூ மேல் வையுங்கள். ஒரு நிமிஷத்தில் தாளில் வழுக்க ஆரம்பிக்கும். ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். போர்த் தண்ணீர் காய்ந்தால் உப்புக்கறை நிற்கும், அதையும் சில்வரிங் (இந்த வெள்ளிப் பூப்பு) என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்வோம்.

தோளில் முதலில் நீல லேபிள் மைக்ரோ செட் (டெக்கால் வைக்கும் முன் தடவும் திரவம்) ஒரு சொட்டு. அதன் மேல் டெக்காலை நகர்த்தி நேராக்குங்கள். டிஷ்யூ முனையால் ஓரத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சுங்கள், மேலிருந்து அழுத்த வேண்டாம். பத்து நிமிஷம் கழித்து சிவப்பு லேபிள் சால், தூரிகை நுனி படுகிற அளவு. காய்ந்து பார்த்து மறுபடி. மடிப்பில் மூன்று முறை கூடத் தேவைப்படும். குமிழி நின்றால் ஊசியால் ஒரு குத்து, அதில் சால்.

இடமும் முக்கியம். நிஜத்தில் தோள் தையலுக்கு அரை அங்குலம் கீழே சின்னம் ஆரம்பிக்கும், 1/35-இல் அது 0.4 மி.மீ.கூட இல்லை. நிறைய பேர் கைக்கு நடுவில் ஒட்டிவிடுகிறார்கள். ஏர்போர்ன் என்ற வளைந்த பட்டை கேடயத்தின் தலையோடு ஒட்டியே வரணும். தனித்தனி டெக்கால் என்றால் கேடயம் முதலில்.

பித்தளைக்கம்பி:
மேலே சொன்னது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டெக்காலை ஒட்டிவிட்டு அப்படியே விட்டால் ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கும். சட்டையில் மடிப்புக்கு நிழலும் வெளிச்சமும் போட்டிருக்கிறீர்கள், சின்னம் மட்டும் தட்டையா இருந்தால் கண் அங்கேயே போய் நிற்கும்.

மேட் வார்னிஷ் அடித்த பிறகு, மடிப்பு ஓடும் இடத்தில் சின்னத்தின் மேலேயும் அதே நிழல் நிறத்தைத் தண்ணியா இழுங்கள். கழுகின் வெள்ளை அச்சில் சுத்த வெள்ளையா இருக்கும், இந்த அளவு உருவத்துக்கு அது பளீர் என்று அடிக்கும். லேசான பழுப்பு கிளேஸ் (நீர்த்த மெல்லிய பூச்சு) ஒன்று கொடுத்து, தலை உச்சியில் மட்டும் தந்த நிறம் ஒரு புள்ளி. கேடயத்தின் அடி ஓரத்தில் கரும்பழுப்புக் கோடு இழுத்தால் துணி மேல் துணி தைத்த மாதிரி வரும்.

உண்மையில் இந்தச் சின்னத்தைக் கையால் வரைவதே மேல் என்பது என் கட்சி: கறுப்புக் கேடயம், வெள்ளைத் தலை, மஞ்சள் அலகு, நாக்குக்கு ஒரு சிவப்புப் புள்ளி. பட்டையில் எழுத்து வேண்டாம், அரை மி.மீ. உயரத்தில் மஞ்சளாய் நாலு துண்டு இருந்தால் கண்ணே எழுத்தாகப் படித்துக்கொள்ளும். 1/16 என்றால் சின்னம் 4 மி.மீ. வந்துவிடும், அங்கே டெக்கால்தான்.

ஊசிமுனை:
கை நடுங்காதவர்கள் பேச்சு அது :) மற்றவர்களுக்கு டெக்கால்.

இரும்புத்தொப்பி:
ஹெல்மெட்டுக்கு வருகிறேன். 101-இல் சீட்டுக்கட்டுக் குறிதான் ரெஜிமென்ட் அடையாளம்: 501 டைமன், 502 ஆர்ட்டின், 506 இஸ்பேட்டு, 327 கிளைடர் ரெஜிமென்ட்டுக்குக் கிளாவர். கோடு கடிகார முள் கணக்கில்: 12 மணி ரெஜிமென்ட் தலைமையகம், 3 முதல் பட்டாலியன், 6 இரண்டாவது, 9 மூன்றாவது. உங்களுக்கு 6 மணி, அதாவது இஸ்பேட்டுக்கு நேர் கீழே. குறி ஹெல்மெட்டின் இரு பக்கமும் வரும்.

வளைவில் வைக்கும்போது இஸ்பேட்டைச் சுற்றியுள்ள படலத்தில் நாலு இடத்தில் சின்னக் கீறல் போடுங்கள், குறியைத் தொடாமல். இல்லையென்றால் ஓரத்தில் கொசுவம் விழும். கோடு அதே டெக்காலில் இருந்தால் சேர்த்தே வெட்டுங்கள், பிரித்தால் நேரா வராது.

உங்கள் ஹெல்மெட்டில் வலை வார்த்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டெக்கால் வேண்டாம், எத்தனை சால் ஊற்றினாலும் அந்தக் கட்டங்களுக்குள் இறங்காது. குறி இரும்பின் மேல் அடித்தது, வலை அதற்கு மேல். அதனால் வலைக் கண்களுக்குள் மட்டும் அழுக்கு வெள்ளையைத் தொட்டு, நூல் மேட்டை வலை நிறத்திலேயே விடுங்கள்.

கால்மில்லி:
நன்றி. வலை இல்லை, வெறும் ஹெல்மெட்தான். சால் அடித்த இடத்தில் பெயின்ட்டும் லேசா இளகின மாதிரி தெரிந்தது, அது ஏன்?

ஊசிமுனை:
பெயின்ட் முழுசா காயவில்லை, நடுவில் கிளாஸும் இல்லை. கிளாஸ் கோட் இருந்தால் அதுவே காவல். சாலுக்குப் பதில் மிஸ்டர் மார்க் சாஃப்டர் வைத்திருந்தாலும் இதே கதைதான், எதுவானாலும் முதலில் காலணி அடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கிழிந்ததை எடுக்க, செலோடேப்பைக் கையில் ஒட்டி ஒட்டி வீரியம் குறைத்துவிட்டு லேசாக ஒற்றி எடுங்கள். பிளேடால் சுரண்டினால் தோள் தையலும் போய்விடும்.

பித்தளைக்கம்பி:
கடைசி மேட் கோட்டை மழை நாளில் ஸ்ப்ரேயில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் வார்னிஷ் வெளுத்துவிடும், அதை மறுபடி சில்வரிங் என்று இங்கே வந்து கேட்பீர்கள். தூரிகையால் அடித்தால் போதும்.