"வேலை இல்லை" என்று சொன்ன பெண்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ரோஸ்ஹில்வாசி:

வீடு வீடாகப் போய்த் தொழிலாளர் கணக்கெடுப்புக்குக் கேள்வி கேட்கும் வேலையைக் கொஞ்ச காலம் பார்த்தேன். நம் மொரீசியஸில் பெண்கள் வேலை பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் வேலையின்மை விகிதத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் அக்கா ஒருவரிடம் போன வாரம் ஏதாவது வேலை செய்தீர்களா என்று கேட்டேன். "இல்லை தம்பி, வீட்டில்தான் இருக்கிறேன்" என்றார். அவர் பின்னால் அடுப்பில் தவா இன்னும் சூடாக இருந்தது, பக்கத்தில் பொட்டலம் கட்டும் தாள் அடுக்கு. கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரமாவது ஏதாவது செய்தீர்களா என்று அடுத்த கேள்விக்குப் போனேன். அப்போதுதான் விஷயம் வந்தது: விடியுமுன்னே எழுந்து பருப்பை வேகவைத்து அரைத்து, தால் பூரி தேய்த்து, மொச்சைக் கறியும் சட்னியும் வைத்து இரண்டிரண்டாகச் சுற்றிக் கொடுப்பார், மகன் பஸ் ஸ்டாண்டில் விற்றுவிட்டு வருவான். "அதெல்லாம் ஒரு வேலையா, கைச்செலவுக்கு" என்றார். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் காசுக்கு உழைத்தாலே வேலையில் இருப்பவர் என்பது 1982இலிருந்து உலகம் முழுக்க வைத்திருக்கும் விதி. முதல் பதிலோடு நான் எழுந்து வந்திருந்தால் அந்த அக்கா வேலை செய்பவராகவும் இல்லை, வேலை தேடுபவராகவும் இல்லை, கணக்குக்கே வெளியே.

வேலையின்மை விகிதத்தின் சிக்கலும் அங்கேதான். ஒரு ஊரில் 100 பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பேர் வேலையில், 10 பேர் தேடுகிறார்கள் என்றால், இந்த 50 பேரை மட்டும் வைத்துத்தான் கணக்கு, அதில் 10 பேர், வேலையின்மை 20 சதவீதம். தேடும் 10 பேரில் 6 பேர் அலுத்துப்போய் நிறுத்திவிட்டால் 44 பேரில் 4 பேர், அது 9 சதவீதமாக இறங்கிவிடும். ஒருத்திக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, ஆனால் எண் நன்றாகத் தெரியும்! மொத்தப் பெண்களில் எத்தனை பேர் வேலையில் என்று பார்த்தால் அது 40இலேயே நிற்கும். இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மொக்காமகள்:

என் அம்மா சோன் பிராங்ஷ், அதாவது ஏற்றுமதி மண்டல ஃபாக்டரித் தலைமுறை. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு ஊரெங்கும் தையல் ஃபாக்டரி வந்ததே, அதில் 80களில் சேர்ந்தவர். இருட்டில் கம்பெனி பஸ் வரும், டிபனோடு ஓடுவார். எங்கள் வீட்டில் சம்பளச் சீட்டு வாங்கிய முதல் பெண் அவர்தான். தகர வீடு சிமெண்டு வீடானது அந்தக் காசில், நான் காலேஜ் முடித்ததும் அந்தக் காசில். நாடு எழுந்து நின்றதே இந்தப் பெண்கள் வேலைக்கு வந்ததால்தான், அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

எந்த நாட்டுத் துணி எவ்வளவு வரலாம் என்று கோட்டா வைத்திருந்த மல்டி ஃபைபர் ஒப்பந்தம் 2005 தொடக்கத்தோடு முடிந்தது, அதை ஒட்டி அடுத்தடுத்து மூடினார்கள். அம்மாவுக்கு அப்போது ஐம்பது நெருங்கிவிட்டது, யாரும் எடுக்கவில்லை. இப்போது அச்சார் (ஊறுகாய்) போட்டு விற்கிறார்.

ஆனால் ரோஸ்ஹில்வாசி அண்ணா, நீங்கள் நம்பச் சொல்லும் எண்ணிலும் எனக்குக் குறை இருக்கிறது. ஃபாக்டரியில் அம்மாவும் ஒன்று, அச்சார் போடும் அம்மாவும் ஒன்று என்றுதானே அது எண்ணும்? ஓவர்டைம், பிரசவ விடுப்பு, பென்ஷனுக்குப் பிடித்த காசு, எல்லாம் போய்விட்டது. விகிதம் மட்டும் அசையவே இல்லை.

எபேன்பக்கம்:

நான் எபேன் சைபர் சிட்டியில் கால் சென்டரில் இருந்தேன். பிரான்ஸ் நேரத்துக்கு ஷிப்ட், வீடு வந்து சேர ராத்திரி ஆகிவிடும். இரண்டாவது குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷ் சாயங்காலமே பூட்டிவிடுவார்கள், மாமியாருக்கும் முடியவில்லை, அப்புறம் என்ன செய்ய? கணக்கெடுக்க வந்தவர் வேலை தேடுகிறீர்களா என்று கேட்டார், இல்லை என்றேன், உண்மையும் அதுதான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் நாளைக்கே போவேன். இங்கே பத்து ஆண்களில் ஏழு பேர் அளவுக்கு வேலைச் சந்தையில் (வேலையிலோ, தேடிக்கொண்டோ) இருக்கிறார்கள், பெண்களில் பாதி அளவுக்குத்தான் என்பார்கள். அந்த வெளியே நிற்கும் பாதியில் என்னைப் போல எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

ரோஸ்ஹில்வாசி:

மொக்காமகள் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். விகிதத்தோடு வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளமா சொந்த வியாபாரமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்விகள் படிவத்திலேயே இருக்கின்றன, பேப்பர்காரர்கள்தான் அந்தப் பக்கம் போவதில்லை.

உங்கள் வீட்டுக்கு ஆள் வந்தால் அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் "சும்மா இருக்காங்க" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவரையே கூப்பிட்டு உட்கார வையுங்கள், அச்சாரையும் சொல்லட்டும்.