11 வயசுப் புள்ளை 4 கிலோ குறையணும்னு ஏஜென்சி சொல்லுது, என்ன செய்யலாம்?

மண்டபம்_சித்தி:
அக்கா மகளுக்கு வயசு 11. ஆறு வயசிலிருந்து ஜவுளி, நகை விளம்பரங்களில் வர்றா. உயரம் 144 செ.மீ., எடை 38 கிலோ. அடுத்த தனுஷ்கோடி ஷூட்டிங்குக்குள்ள 4 கிலோ குறையணும், முகமும் வெளுக்கணும்னு சொல்லி ஒரு கிரீமும் கொடுத்து விட்டிருக்காங்க. ராத்திரி சோறு வேண்டாம்ங்கிறா. கண்ணாடி முன்னாடி வயித்தை எக்கிக்கிட்டு நிக்கிறா. நடிக்கிறதை நிறுத்தவும் அவளுக்கு மனசில்லை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உப்புக்காத்து:
தங்கச்சி, முதல்ல கணக்கைப் பாருங்க. எடை 38-ஐ உயரம் 1.44 மீட்டரால் இரண்டு தடவை வகுத்தால் 18.3. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் இந்த எண்தான் பிஎம்ஐ. பதினோரு வயசுப் பெண்ணுக்கு இது இயல்பான அளவு. பெரியவங்க பிஎம்ஐ அட்டவணையைப் பிள்ளைகளுக்குப் பொருத்தக் கூடாது; வயசுவாரி வளர்ச்சி வரைபடத்தில்தான் பார்க்கணும். குழந்தைகள் டாக்டரிடம் கேட்டால் குறித்துக் காட்டுவார்.

பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 8 முதல் 13 வயசுக்குள் தொடங்கும். இடுப்பு, தொடையில் சதை பிடிப்பது அப்போதுதான். வேகமான கட்டத்தில் வருஷத்துக்கு 8 செ.மீ. வரை வளருவாங்க, சடங்கான பிறகு மிச்சம் பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ. தான். இந்த நேரத்தில் பட்டினி போட்டால் வளர்த்தி மட்டுப்படும், மாதவிலக்கு தள்ளிப்போகும், எலும்பு வலுப்பட வேண்டிய காலம் வீணாகும்.

ராத்திரிச் சோற்றைத் திணிக்காதீங்க. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிடுங்க: சாளை, நெத்திலி, முருங்கைக்கீரை, முட்டை. அந்த நேரத்தில் எடைப் பேச்சே வேண்டாம். எடை மெஷின் பரண்மேல் போகட்டும். டாக்டரிடம் 3 மாசத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். எடை இறங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, சாப்பிட்டதும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டாலோ டாக்டரிடம் போறதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க. மனசுக்கு ஆலோசனை கேட்க அரசின் டெலி மானஸ் போன் எண், 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஊசிநூல்_பரமக்குடி:
கோளாறு பிள்ளையிடம் இல்லை, ஷூட்டிங்குக்குன்னு முன்கூட்டியே தைச்சு வைக்கிற சாம்பிள் உடையில்தான். அந்தச் சட்டையை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்க. உள்ளே அரை இஞ்ச் துணிகூட விட்டிருக்கலைன்னா பிரிச்சுத் தைக்க வழியில்லை. 28 சைஸில் ஒரே உருப்படியைத் தைச்சு வச்சுக்கிட்டு, பிள்ளை 30-க்கு வளர்ந்ததும் பிள்ளையைக் குண்டுங்கிறாங்க. பெரிய சட்டையை முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கிடலாம், கேமராவுக்குத் தெரியாது. சின்னதைப் பெரிசாக்க முடியாது. அதனால ஒரு சைஸ் கூடவே கேளுங்க.

அளவை அம்மாவே எடுக்கட்டும். எண்களைப் பிள்ளை காதில் விழச் சத்தமாப் படிக்க வேண்டாம். எடையை யாருக்கும் அனுப்பாதீங்க, தைக்கிறவங்களுக்கு அது எதுக்கும் உதவாது.

உப்புக்காத்து:
கிரீமை விட்டுட்டேன். ட்யூபின் பின்பக்கம் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலியும், பரு வரும், முகத்தில் முடி வளரும். இன்னும் பூசவில்லை என்றால் தொடவே வேண்டாம். வாரக்கணக்கில் பூசியிருந்தால் சட்டென்று நிறுத்தும்போது முகம் சிவந்து எரியும், தோல் டாக்டரிடம் ட்யூபையும் கொண்டு போங்க. பெயரே அச்சிடாத டப்பா என்றால் அதைவிட ஆபத்து, பாதரசம்கூட இருக்கலாம்.

முகவைச்_சட்டம்:
குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017-ல் சேர்த்தது இது. 14 வயசுக்குக் கீழ் இருக்கும் பிள்ளையை நடிக்க வைக்க, ஷூட்டிங் நடக்கும் மாவட்டக் கலெக்டரிடம் தயாரிப்பாளர்தான் அனுமதி வாங்கணும். தனுஷ்கோடி என்றால் ராமநாதபுரம் கலெக்டர். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளை பேரில் வைப்புநிதியாகப் போடணும். விருப்பமில்லாமல் நடிக்க வைக்கவும் கூடாது.

மண்டபம்_சித்தி:
ஏஜென்சிக்கு எப்படி எழுதுறது? சண்டையா ஆகிடக் கூடாது.

முகவைச்_சட்டம்:
அக்கா பேரில் வாட்ஸப்பில் இப்படி அனுப்புங்க, எழுத்தில் இருப்பது நல்லது: "பாப்பா எடை வயசுக்குச் சரியாக இருக்கிறது, குறைக்க மாட்டோம். கிரீம் பூச மாட்டோம். உடை 30 சைஸில் வேண்டும். உடல், நிறம் பற்றி எதுவானாலும் என்னிடம் மட்டும் பேசவும், பாப்பாவிடம் வேண்டாம். கலெக்டர் அனுமதி நகலை ஷூட்டிங்குக்கு முன் அனுப்பவும்."