மீன்பிடி இடங்களை வெளியிடாமல் செயற்கை நுண்ணறிவைப் பழக்க முடியுமா?

தூத்தூர் மாணவி:
வணக்கம். எங்கள் ஊர் விசைப்படகுகள் சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவை. மீன் கிடைத்த இடங்களை ஒவ்வொரு படகும் தன் ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைத்திருக்கிறது. அப்பா தம் குறிகளைச் சித்தப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தக் குறிகளையும் கடல்நீரின் வெப்பநிலையையும் கொண்டு, எந்தப் பருவத்தில் எங்கே மீன் கூடும் என்று கணிக்கும் கணினி மாதிரி ஒன்றை உருவாக்க நானும் தோழிகளும் விரும்புகிறோம். எல்லாக் குறிகளும் ஒரே கணினியில் சேர்ந்தால், அந்தக் கணினி யாருடையதோ அவர் கைக்கு எங்கள் தொழில் போய்விடும் என்று படகு உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். அது நியாயமான அச்சம். பல கணினிகள் பகிர்ந்து வைத்திருக்கும் பதிவேடான பிளாக்செயினில் வைத்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

நாகர்கோவில் கணினி ஆசிரியர்:
சரியன்று, தங்கையே. பொதுப் பிளாக்செயினில் பதிவின் நகல் பலரிடம் இருப்பதால்தான் அதை ஒருவர் தனியே திருத்த முடிவதில்லை. மறைக்க வேண்டியதை அங்கே எழுதுவது ஏலக்கூடத்தில் கூவிச் சொல்வதற்குச் சமம். உங்களுக்குப் பொருந்துவது, 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் முன்வைத்த ஃபெடரேட்டட் லேர்னிங். அதில் மாதிரிதான் படகுக்கு வரும். அங்குள்ள குறிகளைப் படித்துத் தன் எண்களைத் திருத்திக்கொண்டு, அந்தத் திருத்தங்களை மட்டும் கரைக்கு அனுப்பும்.

ஆனால் இதையே முழுப் பாதுகாப்பு என்று நம்பிவிடாதீர்கள். இத்தகைய திருத்தங்களிலிருந்தே பயிற்சிக்குப் பயன்பட்ட படங்களை மீட்டெடுக்க முடியும் என்று 2019இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதற்கு ஒரு மாற்று உண்டு. இரண்டிரண்டு படகுகளாகத் தமக்குள் ஒரு ரகசிய எண்ணை வைத்துக்கொண்டு, ஒன்று அதைத் தன் திருத்தத்தோடு கூட்டியும் மற்றொன்று கழித்தும் அனுப்பினால், மொத்தக் கூட்டுத்தொகையில் அந்த எண்கள் மறைந்துவிடும். தனிப் படகின் மதிப்பு எவருக்கும் தெரியாது. மூன்றே படகுகள் சேர்ந்தால் இதனால் பயனில்லை, ஏனெனில் இருவர் கூடிப் பேசினாலே மூன்றாமவருடையது வெளிப்பட்டுவிடும்.

குளச்சல் வாசகர்:
ஆசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மற்றவர்களைத் திசைதிருப்பப் பொய்க் குறி கொடுப்பவர் வந்தால் என்ன செய்வது? சராசரி எடுத்தால், ஒரே படகின் பெரும்பொய் முழுக் கணிப்பையும் இழுத்துவிடும். வரிசைப்படுத்தி நடுவிலுள்ள மதிப்பை எடுத்தால் அந்தப் பொய்யின் வலு குறையும். ஆனால் தனித்தனி மதிப்புகள் தெரிந்தால்தான் வரிசைப்படுத்த முடியும் என்பதால், அது மேலே சொன்ன மறைப்போடு எளிதில் ஒத்துப்போகாது. என் கருத்தில் இதுவே உங்கள் முயற்சியின் கடினமான இடம். படகுகளைப் பல குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குள் மறைத்துக் கூட்டி, குழுக்களிடையே நடுமதிப்பை எடுப்பது ஓரளவு உதவும்.

முட்டம் வாசகர்:
2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களைக் கரையிலிருந்து கைபேசியில் அழைக்க வழியில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆகவே மாதிரி படகிலேயே, இணையம் இல்லாமல் இயங்க வேண்டும். புறப்படும் முன், படகில் ஏற்றிய மாதிரி எல்லோரும் ஒப்புக்கொண்டதுதானா என்றும் சரிபார்க்க வேண்டும். கோப்பில் ஓரெழுத்து மாறினாலும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எஸ்ஹெச்ஏ-256 முத்திரை மாறிவிடும். 64 எழுத்துகள் கொண்ட அந்த முத்திரையை ஒவ்வொரு ஊர் ஆலயத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டால், எவரும் தாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தூத்தூர் மாணவி:
மிக்க நன்றி. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். குறிகள் படகை விட்டு வெளியே போகாது என்றால் பழைய குறிகளை மட்டும் முதலில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இனி மற்ற படகுக்காரர்களிடம் பேசுகிறேன்.