வீடு கட்டும் அட்டவணையில் ஒரு வேலையை எவ்வளவு பிரிப்பது?

கேள்வி:
தரைத்தளமும் முதல் தளமும் சேர்த்து 2,200 சதுர அடி வீடு. எம்எஸ் பிராஜெக்ட் மென்பொருளில் வேலை அட்டவணை போடுகிறேன். முதலில் 28 வரிதான் இருந்தது. அதில் மேலே கான்கிரீட் தளம் போடுவது மொத்தமும் ஒரே வரி, 25 நாள். தாமதம் எங்கே என்று பிடிபடவில்லை. பிரிக்கப் போனால் 340 வரி ஆகிவிட்டது. கம்பி வெட்டுதல், வளைத்தல், கட்டுதல் எல்லாம் தனித்தனி. வாராவாரம் புதுப்பிக்கவே ஒரு நாள் போகிறது. ஒரு வேலை 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 80 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறார்களே, அதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
அந்த விதி நீளத்தை மட்டும்தான் பார்க்கும். நீங்கள் ஆள் மாறும் இடத்தில் பிரியுங்கள் சார். கம்பி வெட்டுவது, வளைப்பது, கட்டுவது மூன்றும் ஒரே பார்பெண்டர் (கம்பி வேலைக்காரர்) செட் செய்வது. ஒரு வரி போதும். எலக்ட்ரீஷியன் பைப் போடுவது அரை நாள்தான், ஆனாலும் தனி வரி வேண்டும். அடிக்கம்பி கட்டிய பிறகு, கான்கிரீட்டுக்கு முன்னால் அவர் வந்தாக வேண்டும். வரி இல்லையென்றால் யாரும் அவருக்குத் தேதி சொல்ல மாட்டார்கள். ஃபேன் பாக்ஸ் (ஃபேன் மாட்டும் பெட்டி) வைக்காமல் தளம் போட்டுவிட்டால் பிறகு தளத்தைக் கொத்த வேண்டிவரும்.

உங்கள் 25 நாளுக்குள் இருப்பது ஏறக்குறைய இதுதான்:
சென்டரிங் (பலகையும் முட்டும் அடிப்பது) – 6 நாள்
கம்பி – 4 நாள்
பைப், ஃபேன் பாக்ஸ் – அரை நாள், கம்பி வேலைக்குள்ளேயே
செக்கிங் (இன்ஜினியர் பார்ப்பது) – 0 நாள், மைல்கல் (நாள் பிடிக்காத குறி)
கான்கிரீட் – 1 நாள்
கியூரிங் (கான்கிரீட்டை ஈரமாக வைப்பது) – 10 நாள்
முட்டு (தளத்தைத் தாங்கும் தூண்கள்) நிற்பது – 14 நாள்

கடைசி இரண்டும் கான்கிரீட் போட்டதிலிருந்து சேர்ந்தே ஓடும். கீழே உள்பூச்சு முட்டு பிரித்த பிறகுதான். மேலே சுவர் வேலையை, கீழே முட்டு நிற்கும்போதே, இன்ஜினியர் சரி சொன்னதும் தொடங்கலாம். ஒரே வரியாக வைத்தால் மேலே சுவர் வேலையும் 25 நாள் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கும். உங்களுக்குத் தாமதம் தெரியாமல் போனது இதனால்தான்.

பதில் 2:
கியூரிங், முட்டு இரண்டையும் எலாப்ஸ்ட் நாளாக (லீவையும் சேர்த்து எண்ணும் நாள்) கொடுங்கள். சாதாரண நாளாகக் கொடுத்தால், ஞாயிறு லீவு என்று வைத்த காலண்டரில் மென்பொருள் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிவிட்டு எண்ணும்; 14 நாள் குறைந்தது 16 ஆகிவிடும். கான்கிரீட்டுக்கு ஞாயிறு லீவு கிடையாது.

ஐஎஸ் 456:2000 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) படி, 4.5 மீட்டர் வரை ஸ்பான் (தாங்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்) உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் ஸ்பான் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவை ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்டுக்கான எண்கள். பிபிசி (போசோலானா கலந்த சிமெண்ட்) போட்டால் எத்தனை நாள் கூட்டுவது என்று இன்ஜினியரிடம் கேட்டு எழுதுங்கள். கியூரிங் ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள், பிபிசிக்கு 10 நாள். வெயில் காலத்தில் எதுவானாலும் குறைந்தது 10 நாள். அவசரம் என்று ஆள் கூட்டினாலும் இந்த நாட்கள் குறையாது. தனி வரியாக இருந்தால்தான் வீட்டுக்காரருக்கு அதைக் காட்டிப் பேச முடியும்.

பதில் 3:
செக்கிங்கை 0 நாள் என்று போடுவதை நான் ஏற்க மாட்டேன். கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் இடைவெளிக்கு வைக்கும் கட்டை) நசுங்கியிருக்கும், பீம் ஓரத்து எக்ஸ்ட்ரா கம்பி விட்டுப்போயிருக்கும். இன்ஜினியர் ஏதாவது திருத்தம் சொல்லாமல் போவது அரிது. ஒரு நாள் கொடுங்கள். மறுநாளைக்கு ரெடிமிக்ஸ் வண்டி சொல்லிவிட்டு அன்று காலையில் திருத்தம் செய்தால் அவசரத்தில் பாதி விடுபடும். கவர் பிளாக், ஷட்டர் (சென்டரிங் பலகை) இடுக்கு அடைப்பது, வைப்ரேட்டர் ஓட்டிப் பார்ப்பது எல்லாம் அட்டவணையில் வேண்டாம். செக்லிஸ்ட் தாளில் போதும், அது மேஸ்திரி கையில் இருக்கட்டும்.

340 வரியையும் இன்றைக்கே எழுத வேண்டாம். அடுத்த நான்கு வாரத்துக்கு மட்டும் பிரித்து வைத்து, பெயிண்டிங், டைல்ஸ் எல்லாம் பெரிய வரியாகவே விடுங்கள். விதிவிலக்கு ஆர்டர் கொடுக்கும் வேலைகள். கதவு நிலை, யுபிவிசி ஜன்னல் மாதிரி சாமான்களுக்கு அளவு எடுப்பது, ஆர்டர் கொடுப்பது, சைட்டுக்கு வருவது என்று மூன்று வரி இப்போதே வேண்டும். அந்த நாட்களில் சைட்டில் யாரும் வேலை செய்வதில்லை என்பதால்தான் அட்டவணை போடுகிறவர் கண்ணிலிருந்து இவை தப்பிவிடுகின்றன.