இருட்டில் சுவிட்ச் தேடும் கை

தம்பி: புது வீட்டுக்கு வந்து 9 நாள் ஆகிறது. இன்னும் யார் வீட்டிலோ தங்கியிருப்பது போலத்தான் இருக்கிறது.

அம்மா: தூக்கம் வருகிறதா?

தம்பி: முதல் நாள் சுத்தமாக இல்லை அம்மா. ஃபிரிட்ஜ் சத்தத்துக்கெல்லாம் விழித்தேன். இப்போது பரவாயில்லை.

சித்தப்பா: 2016இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வில் இதைத்தான் பார்த்தார்கள். புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் இடப்பாதி முழுதாகத் தூங்காமல் காவல் இருக்கிறதாம். மறுபடி அதே இடத்தில் படுக்க வைத்தபோது அப்படி இல்லை.

நான்: சித்தப்பா, இது ஃபார்வர்டா, நீங்கள் படித்ததா?

சித்தப்பா: படித்ததுதான் அம்மா!

தம்பி: காவல் முடிந்துவிட்டது, சரி. ஆனால் ராத்திரி எழுந்தால் கை வலப்பக்கச் சுவரைத் தடவுகிறது. இங்கே சுவிட்ச் இடப்பக்கம். அப்புறம், பேசினால் எதிரொலிக்கிறது.

நான்: திரைச்சீலை மாட்டினாயா? புத்தகப் பெட்டியைப் பிரித்தாயா?

தம்பி: இன்னும் இல்லை...

நான்: பிறகு எப்படிடா? வெறும் சுவர் சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்பும். துணி, மெத்தை, புத்தகம் இதெல்லாம்தான் அதை வாங்கிக்கொள்ளும். பெட்டி கட்டியே கிடந்தால் நாளைக்குக் கிளம்பப் போகிறவன் வீடு மாதிரிதான் இருக்கும்.

அம்மா: பழைய வீட்டில் போர்த்திய போர்வையைத் துவைக்காமல் வைத்துக்கொள்.

தம்பி: துவைக்காமலா? நீயா சொல்கிறாய்?

சித்தப்பா: அண்ணி சொல்வது சரி. பார்ப்பதும் கேட்பதும் மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகச் சுற்றிப் போகும். வாசனை மட்டும் நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கும் பகுதிகளுக்குக் குறுக்குவழியில் போய்விடும்.

நான்: ஆனால் நம் வீட்டு வாசனை நமக்கே தெரியாதே. ஊருக்குப் போய்த் திரும்பிக் கதவைத் திறக்கும் அந்த ஒரு நிமிஷம்தான் தெரியும். மூக்குக்குப் பழகிவிடுகிறது.

தம்பி: இங்கே பெயிண்ட் நாற்றம்தான்.

அம்மா: பெட்டியைப் பிரி முதலில்.

(16 நாள் கழித்து)

தம்பி: நேற்று நடுராத்திரி எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்திருக்கிறேன். லைட்டே போடவில்லை. காலையில்தான் உறைத்தது.

நான்: எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லையா?

தம்பி: இல்லை. மூலையில் இருக்கும் பெட்டியைக்கூடச் சுற்றிப் போயிருக்கிறேன்.

நான்: இன்னும் பிரிக்கவில்லையா!

தம்பி: ஒன்றுதான் பாக்கி அக்கா.

அம்மா: அந்தப் பெயிண்ட் நாற்றம் போய்விட்டதா?

தம்பி: எந்தப் பெயிண்ட்?