மறு: குழுவாக ஆடும் பெல்லி நடனம் – கலைச்சொல் பரிந்துரைகள்

நண்பர்களுக்கு வணக்கம். இடுப்பையும் வயிற்றையும் அசைத்து ஆடும் பெல்லி நடனத்தில், 'அமெரிக்கன் ட்ரைபல் ஸ்டைல்' என்ற குழு வடிவத்துக்கும் அதைச் சார்ந்த சொற்களுக்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் பேச்சு. வந்த மூன்று பரிந்துரைகளுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> 'அமெரிக்கன் ட்ரைபல் ஸ்டைல்' என்பதை 'அமெரிக்கப் பழங்குடிப் பாணி' எனலாமே. அகராதிப்படி சரிதானே?

அகராதிப்படி சரி, ஆட்டத்துக்குத்தான் பொருந்தவில்லை. அமெரிக்கப் பழங்குடி என்றதும் நவஹோ, செரோக்கி மக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அரபு நாட்டுக் குலங்கள் எதுவும் இதை இந்த வடிவில் ஆடியதும் கிடையாது. இது கலிபோர்னியாவில் உருவானது. 1968இல் ஜமீலா சலிம்பூர், அங்கே ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தை நடித்துக் காட்டும் திருவிழாச் சந்தையில் ஆடுவதற்காக 'பால் அனாட்' குழுவைத் தொடங்கினார். அவரிடம் கற்றவர் மாஷா ஆர்ச்சர். மாஷாவிடம் கற்ற கரோலீனா நெரிச்சியோ 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் 'ஃபேட்சான்ஸ் பெல்லிடான்ஸ்' குழுவை அமைத்தார். (தனியாக எனக்கு மட்டும் ஆடிக் காட்டுவாயா என்று வழியும் ஆண்களுக்கான பதில்தான் அந்தப் பெயர். நம் பேச்சில் 'நடந்த மாதிரிதான்!' என்போமே, அது.)

உடையும் கலவைதான்: வட இந்திய முதுகு திறந்த ரவிக்கை, அகலப் பாவாடை, ஆப்கானிய வெள்ளி நகை, தலைப்பாகை. கையசைவில் ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ ஆட்டத்தின் சாயல் வேறு. 'ட்ரைபல்' என்ற சொல்லைப் பற்றி விமர்சனம் வலுத்ததும், 2020இல் அந்தக் குழுவே அதைக் கைவிட்டுத் தன் முதலெழுத்துகளை வைத்து 'எஃப்சிபிடி ஸ்டைல்' என்று மாற்றிக்கொண்டது. அவர்களே இறக்கி வைத்த சுமையை நாம் ஏன் தூக்க வேண்டும்?

> பெல்லி நடனத்துக்குத் 'தொப்புள் நடனம்' ஏற்கெனவே பத்திரிகைகளில் புழங்குகிறது.

புழங்குகிறது, எந்த மாதிரிப் படத்துக்குக் கீழே என்பதும் தெரியும். ஆடுபவர்கள் வைத்த பெயரும் அல்ல இது. பிரெஞ்சுக்காரர்கள் வயிற்று நடனம் என்றார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் கெய்ரோத் தெரு ஒன்றைக் கட்டிக் காட்டிய பிறகு அமெரிக்கா முழுக்க அந்தப் பார்வை பரவியது. எகிப்தில் மேடையில் ஆடுவது ரக்ஸ் ஷர்கி, அதாவது கீழைநாட்டு ஆட்டம். கல்யாண வீட்டில் ஆடுவது ரக்ஸ் பலதி, ஊராட்டம். தொழில்முறையாக ஆடிய கவாஸிப் பெண்களை 1834இல் எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷா கெய்ரோவிலிருந்து தெற்கே விரட்டினார். அவர்கள் எஸ்னா, லக்சர் பக்கம் போய் அங்கேயும் ஆடினார்கள். இத்தனை வரலாற்றைத் தொப்புளில் அடக்க எனக்கு மனமில்லை. பொதுப்பெயராகப் 'பெல்லி நடனம்' இருந்துவிட்டுப் போகட்டும். எகிப்திய வடிவங்களை அவற்றின் பெயராலேயே சொல்வோம்.

> முன்கூட்டி அமைக்காமல் ஆடுவதால் 'குழு மனோதர்ம நடனம்'?

மூன்றில் இதுதான் யோசிக்க வைத்தது. ஆனால் மனோதர்மம், அதாவது அந்த நேரத்துக் கற்பனை, ஒருவருடைய மனதில் உதிப்பது. கர்நாடக இசையில் ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலில், பாடகர் போகும் வழியை வயலின் கேட்டுவிட்டு, அப்புறம் தொடர்கிறது. ரக்ஸ் ஷர்கிக்கு அந்தச் சொல் ஓரளவு பொருந்தும். அங்கே பெரும்பாலும் ஒருத்தி தனியாக ஆடுகிறாள், இசைக்கு அவள் உடல் அந்தக் கணத்தில் பதில் சொல்கிறது. நாம் பேசும் ஆட்டத்தில் நால்வர் ஒரே நேரத்தில் ஒரே அடவை (அசைவுத் தொகுப்பை) ஆட வேண்டும். அடுத்த அடவு எது என்பது மூன்று பேருக்குக் கடைசி நொடிவரை தெரியாது!

இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கும். எல்லாரும் இடப்பக்க மூலையை நோக்கிச் சற்றுத் திரும்பி நிற்கிறார்கள். ஆடுபவர்களின் இடக்கைப் பக்கம், முன்னால் இருப்பவரே அப்போதைக்கு வழிகாட்டி. மற்றவர்கள் அவருக்கு வலப்பக்கமும் பின்னாலுமாக, அவரைப் பார்க்கிற கோணத்தில். அவர் கை ஏறுகிறது, தோள் திரும்புகிறது, அல்லது தலை இலேசாக அசைகிறது. அதைப் பார்த்ததும் அடுத்த எண்ணிக்கையில் எல்லாரும் சேர்ந்து மாறுகிறார்கள். குழு மறுபக்கம் திரும்பினாலோ வட்டமாக வந்தாலோ முன்னிடம் இன்னொருவருக்குப் போகிறது. அதனால் 'தலைவி' என்பது தவறு. அது ஆள் அல்ல, இடம்.

கற்றுத்தருவதிலும் இதே வரிசைதான். நினைத்ததை ஆடலாம் என்று நம்பி வருபவர்களுக்கு முதலில் ஏமாற்றம். நிற்கும் விதம், கையின் உயரம், அடவுக்கு எத்தனை எண்ணிக்கை, எதற்கு எந்த அறிகுறி என்று அத்தனையும் ஒரே மாதிரி படிய வேண்டும். நெடுநாள் பின்னால் நின்று ஆடிய பிறகுதான் முன்னால் வரத் துணிவு வரும். வந்த பிறகும் எல்லாருக்கும் தெரிந்த அடவை மட்டுமே எடுக்கலாம். சொந்தச் சரக்கைக் காட்டினால் பின்னால் இருப்பவர்கள் திகைத்து நிற்பார்கள்.

ஆக, இந்த ஆட்டத்தின் உயிர் அந்த அறிகுறியில் இருக்கிறது. அதற்குச் 'சாடை' என்று வைக்கலாம். கண்சாடை, கைச்சாடை எல்லாருக்கும் தெரிந்தவை. ஆட்டத்துக்குச் 'சாடைக் கூட்டாட்டம்', சுருக்கமாகச் 'சாடையாட்டம்'. வில்லுப்பாட்டில் பின்பாட்டு இருப்பதுபோல, வழிகாட்டுவது முன்னாட்டம், தொடர்வது பின்னாட்டம். 'அடவு' பரதத்துக்கு மட்டும் சொந்தமா என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: சிலம்பத்திலும் தெருக்கூத்திலும் அடவு உண்டு.

விரலில் மாட்டித் தட்டும் சின்னத் தாளங்களுக்கு (அரபியில் சகாத், துருக்கியில் ஜில்) 'விரல்தாளம்' போதும். 'ஜால்ரா' என்று ஒருவர் எழுதியிருந்தார்; ஆடுபவர்கள் பாவம், விட்டுவிடுவோம்.

ஒரு சிக்கல் பாக்கி. 'அப்பா சாடை' என்று முகஒற்றுமைக்கும் இதே சொல்தான். பின்னால் ஆடுபவர் முன்னால் இருப்பவரின் சாடையில் ஆடுகிறார் என்று வைத்தால் அது இங்கே இடைஞ்சல் இல்லை. ஆனால் ஈழத்தில் 'சாடையாக் காய்ச்சல்' என்றால் இலேசான காய்ச்சல். யாழ்ப்பாண நண்பர்களே, 'சாடையாட்டம்' உங்கள் காதில் 'கொஞ்சமாய் ஆடுவது' என்று விழுமா? விழுமென்றால் 'குறிப்பாட்டம்' என்று மாற்றவும் எனக்குச் சம்மதம்.

அன்புடன்