சினைப் பன்றிக்குக் கொடுக்கும் சத்துப் பொடி குட்டிக்குப் போய்ச் சேருதா? உங்க அனுபவம்

செங்குன்றம் வெண்பன்றி:
போன ஐப்பசி அடைமழையில் நடந்தது, இன்னும் மனசை அரிக்கிறது. மூன்றாம் ஈத்துத் தாய். தாது உப்பு, ஈஸ்ட், வைட்டமின் ஈ எதுவும் விடுபடவில்லை. ராத்திரி ஈன்றது. குட்டிகளைத் துடைத்து விளக்கடியில் விடும்போது பார்த்தால், பெண் குட்டிகள் அத்தனைக்கும் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருந்தது, பருவத்துக்கு வந்த பன்றிக்கு இருப்பதுபோல. பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை! இன்னும் இரண்டுக்குப் பின்னங்கால் அகன்றுபோய், சிமெண்ட் தரையில் வழுக்கி வழுக்கி மடியைத் தேடின. டாக்டர் வந்ததும் தீவன மூட்டையைத்தான் பிரிக்கச் சொன்னார். மேலே நல்ல மக்காச்சோளம், அடியில் கட்டி கட்டியாகப் பூஞ்சை. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் ஜியரலினோன் என்ற நஞ்சு, தாய் வழியாகக் குட்டிக்கு வரும் என்றார்.

குன்றத்தூர் பண்ணை:
எனக்கு மறக்காதது இரும்புச் சத்து விஷயம். தாய்க்கு டானிக் ஊற்றினால் குட்டிக்கு ஊசியே வேண்டாம் என்பார் பக்கத்துப் பண்ணை அண்ணன். அங்கே ஒருநாள் கூட்டத்திலேயே கொழுத்த குட்டி மூச்சு வாங்கிக்கொண்டு மூலையில் நின்றது. தூக்கிப் பார்த்தேன், காது காகிதமாக வெளுத்திருந்தது. இரும்பு குறைந்தால் வேகமாக வளரும் குட்டிதான் முதலில் விழும். தாய் தின்னும் இரும்பு நஞ்சுக்கொடி தாண்டிக் கொஞ்சம்தான் போகும். பாலிலும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான் வரும், குட்டிக்கோ ஏழு மில்லிகிராம் வேண்டும். மூன்றாம் நாள் ஊசிக்கு மாற்றே இல்லை.

திருப்போரூர் அக்கா:
செங்குன்றம் தம்பி, ஈஸ்ட் மேல் பழி போடாதீங்க. எங்கள் கிழட்டுத் தாய்க்கு மலம் இறுகி, ஈனவே பாதி ராத்திரி ஆகும், கடைசிக் குட்டிகள் செத்தே வரும். கடைசி வாரங்களில் கோதுமைத் தவிட்டைக் கூட்டி ஈஸ்டும் சேர்த்தேன். அடுத்த ஈத்தில் மளமளவென்று வந்துவிட்டன.

அப்புறம், கால் அகன்ற குட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. பின்னங்கால் இரண்டையும் டேப்பால் தளர்வாகப் பிணைத்துவிட்டால் பெரும்பாலும் சில நாளில் எழுந்து நிற்கும். எந்தப் பொடி போட்டாலும் சரி, நோய் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாக வராது, சீம்பாலில்தான் வரும். ஒரு குட்டிக்குக் கால் கிலோவாவது முதல் நாளுக்குள் உள்ளே போகணும். பெரிய குட்டிகள் குடித்ததும் அவற்றைக் கூடையில் எடுத்து வைத்துவிட்டு, ஒரு கிலோகூட இல்லாத சின்னதுகளை மடியில் விடுங்க. கடையில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த பொடி என்று எதையாவது நீட்டினால் வாங்காதீங்க, தீவனத்தில் அதை 2019-லேயே தடை செய்தாச்சு.

செங்குன்றம் வெண்பன்றி:
அக்கா, ஈஸ்டை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சோளம் கெட்டிருந்தால் எந்தப் பொடியும் காப்பாற்றாது என்கிறேன். டாக்ஸின் பைண்டர் என்று விற்கும் களிமண் பொடிகூட அஃப்லாடாக்ஸின் என்ற இன்னொரு பூஞ்சை நஞ்சைப் பிடிக்கிற அளவுக்கு ஜியரலினோனைப் பிடிக்காதாம். மழைக்கு முன்னால் நன்றாகக் காய்ந்த மக்காச்சோளம் செங்குன்றம், திருவள்ளூர் பக்கம் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.